எழுபதுக்கு எழுபது

அத்தியாயம் 5

நவமுத்ரா நாணயத் தரச்சான்று நிலையத்தின் கோவில்பட்டிக் கிளையில் ஏசி இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது, உள்ளே வருகிறவர்களை வாங்க என்று சொல்லத்தான் ஆளில்லை. சொல்ல வேண்டிய முத்துசெல்வி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக அவளுக்கு அதுதான் வேலை. காலை பத்து மணிக்கு வந்து உட்கார வேண்டும், சாயங்காலம் ஐந்து மணிக்கு எழுந்து போக வேண்டும், நடுவில் எதையும் தொடக் கூடாது. மேனேஜர் உத்தரவு. திருடியைத் தொட விடலாமா?

சுடலைக்குமாருக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷம் ஆட்டு லோடு ஓட்டியவன். ஆட்டைக்கூட அவன் இப்படி ஒரு மூலையில் நிறுத்தி வைத்ததில்லை. இப்போது துப்பறியும் கற்பகத்துக்கு அவன்தான் உதவியாளன், டிரைவர், வாய். பேசியே ஆக வேண்டிய இடத்தில் கற்பகம் பேசுவாள். மற்ற இடங்களையெல்லாம் சுடலை கவனித்துக்கொள்வான். முத்துசெல்வியின் அப்பா கேட்டுக்கொண்டதால் இன்று இருவரும் வந்திருந்தார்கள்.

"உக்காருங்க மேடம்" என்றார் மேனேஜர் கிருஷ்ணகுமார். சுடலையை உட்காரச் சொல்லவில்லை. சுடலை தானாகவே உட்கார்ந்தான்.

விஷயம் இவ்வளவுதான். எட்டயபுரத்தில் மோட்டார் பம்ப் சாமான் கடை வைத்திருக்கும் ஆண்ட்ரூஸ் ஒரு நூறு ரூபாய் வெள்ளி நினைவு நாணயம் வைத்திருந்தார். அரசு நாணயச்சாலை சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோல மெருகேற்றி, பெட்டியில் போட்டு விற்கிற சரக்கு. போன வருஷம் அதை இந்தக் கிளையில் கொடுத்தார். சென்னைத் தலைமை அலுவலகம் பார்த்துவிட்டு எழுபதுக்கு எழுபது போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து அனுப்பியது. இந்த மாசியில் கூடு கைதவறி விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுக் கூடு போட்டுத் தாருங்கள் என்று திரும்பக் கொண்டுவந்தார். முத்துசெல்வி நாணயத்தை உறையில் போட்டு அனுப்பினாள். சென்னையிலிருந்து புதுக் கூடு வந்தது. அதில் அறுபத்து நாலு என்றிருந்தது.

எழுபது என்றால் ஒன்றரை லட்சம். அறுபத்து நாலு என்றால் நாலாயிரத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும்.

"ஆக, நாணயம் மாறியிருக்கு. மாத்தினது அது" என்று மேனேஜர் ஸ்டூல் பக்கம் தாடையை ஆட்டினார். "உறையில போட்டது அது ஒண்ணுதான். எழுபதை எடுத்துக்கிட்டு ஏதோ ஒரு சாதா நாணயத்தை உள்ள வச்சிருக்கு. ஒப்புக்கிட்டு எழுதிக் குடுத்துட்டா வேலையோட போயிரும். இல்லன்னா அஞ்சு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போறேன்."

மேசைமேல் கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். முத்துசெல்வி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குளத்தூர்ப் பக்கம் ஆட்டுக் கிடை போடுகிற குடும்பம். அப்பா நாற்பது ஆட்டை விற்றுத்தான் அவளை பி.காம். படிக்க வைத்தார். தை மாதம் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டு சம்பளம்கூட முழுசாக வாங்கவில்லை.

"உங்க ஆபீஸ் தப்பாப் போட்டிருக்கலாம்லா?" என்றாள் கற்பகம்.

மேனேஜர் சிரித்தார். பல் டாக்டரிடம் குழந்தை கேள்வி கேட்டதுபோல ஒரு சிரிப்பு. "மேடம், மூணு நிபுணர்கள் தனித்தனியாப் பாப்பாங்க. லென்ஸ், லைட், எல்லாம் இருக்கு. ஒரே நாணயத்தை நூறு தடவை அனுப்புங்க. நூறு தடவையும் அதே நம்பர்தான் வரும்."

"ரெண்டு தடவ அனுப்பிப் பாத்திருக்கீகளா?"

"அதுக்கு அவசியம் வரல மேடம்."

"எங்கப்பா எட்டயபுரம் சந்தையில ஆட்டுத் தரகரு சார்" என்றான் சுடலை. "முதுகெலும்ப ஒரு பிடி பிடிச்சு, பன்னெண்டு கிலோம்பாரு. டீ குடிச்சிட்டு வந்து அதே ஆட்டப் பிடிச்சாலும் பன்னெண்டுதான். அவருட்ட லென்ஸ் கிடையாது. ஒரு கண்ணுல புரை வேற."

"ஆடும் நாணயமும் ஒண்ணா?"

"இல்ல சார். ஆடு பொய் சொல்லாது."

கற்பகம் இரண்டு தடவையும் கூட்டோடு வந்த சான்றிதழ்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் செக்கிங்கில் இருந்தவள். ஓடுகிற பண்டலில் ஒரு பெட்டிக்கு மருந்து குறைந்திருந்தாலும் கை தானாக அதைத் தட்டிவிடும். அந்தக் கண்ணுக்கு இந்தக் காகிதம் எம்மாத்திரம்?

"ரெண்டும் வேற வேற நாணயம்ங்கீக. ரெண்டுலயும் ஒரே போட்டோவா ஒட்டியிருக்கு? மூலையில இந்தத் தூசிகூட ஒண்ணுபோல இருக்கு."

"அது மாதிரிப் படம் மேடம். எல்லாச் சான்றுக்கும் அதேதான். செலவு பாருங்க."

சுடலை வாயைத் திறந்தான். கற்பகம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் விரல் படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியில் நின்றது. முதல் சான்றிதழில், 'இடப்பக்க எழுத்தோரம் இயற்கையான பொன்னிறச் சாயல்' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில், 'இடப்பக்க எழுத்தோரம் கறை.'

"சாயலுக்கும் கறைக்கும் என்ன வித்தியாசம்?"

"வெள்ளியில வருஷக்கணக்குல காத்துப் பட்டு தானா வர்றது சாயல். அது அழகு. கறைங்கிறது அழுக்கு. எங்க நிபுணர்களுக்கு அது பாத்ததும் தெரியும்."

"நாணயச்சாலையில இருந்து வந்து எட்டு மாசங்கூட ஆகாத நாணயத்துல வருசக்கணக்குச் சாயலா?"

மேனேஜர் தண்ணீர் குடித்தார். கற்பகம் எழுந்தாள். சுடலை போகிற போக்கில் அறையை ஒரு நோட்டம் விட்டான். இரும்புப் பெட்டி, பிரிண்டர், மேசைமணி எல்லாவற்றிலும் பழைய ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து போயிருந்தது. சுவரில் அந்தப் பூஜையின் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வாழை இலையும் பொரியும் கீழே ஓரமாகக் கிடக்க, படம் பூராவும் பட்டு வேட்டியில் மேனேஜர்தான் நிறைந்திருந்தார்.

"சாமி எங்கன இருக்கு சார்?"

"பூஜையெல்லாம் இங்க நானேதான் செய்வேன். யாரையும் கிட்ட விடறதில்ல" என்றார் மேனேஜர் பெருமையாக.

வெளியே வரும்போது முத்துசெல்வி எழுந்து நின்றாள். "அக்கா, நான் எடுக்கலக்கா" என்றாள். 

"அஞ்சு மணி வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத. பேனாவே தொடாத" என்றாள் கற்பகம்.

அவர்களுடைய ஆம்னி வேனில் இன்னமும் ஆட்டு வாடை போகவில்லை. எட்டயபுரம் ரோட்டில் மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். சுடலை மூன்று தடவை தும்மிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, ஒரே அச்சுல ஒரே நாளுல ஆயிரக்கணக்குல அடிச்ச காசு. அதுல ஒண்ணு ஒன்றரை லட்சம், ஒண்ணு நாலாயிரம்னா, விக்கிறது காசா, ஸ்டிக்கரா?"

"ஸ்டிக்கரு."

"அப்ப வெறும் ஸ்டிக்கர வித்துட்டுப் போக வேண்டியதுதானே. காசு எதுக்கு நடுவுல?"

"அந்த அளவுக்கு அவனுவளுக்குப் புத்தி இருந்தா அந்தப் பிள்ள ஏம்லே ஸ்டூல்ல உக்காந்திருக்கு? ரோட்டப் பாத்து ஓட்டு."

ஆண்ட்ரூஸ் கடையில் தனியாக இருந்தார். அறுபது வயது, கையெல்லாம் கிரீஸ். அறுபத்து நாலு என்று போட்ட கூட்டை மேசையில் எடுத்துப் போட்ட விதத்திலேயே அவர் மனசு தெரிந்தது.

"அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா நாணயம் மாறிட்டுன்னு கம்பெனி எழுதியே குடுத்திருக்காவள்லா. அவ்வளவு பெரிய கம்பெனி சும்மா சொல்லுமா?"

"இந்தக் கூட்ட உடைக்கணும் அண்ணாச்சி" என்றாள் கற்பகம்.

"உடைச்சா இந்த நம்பரும் போயிருமே."

"இந்த நம்பர வச்சு என்ன செய்யப் போறீய? பூட்டிப் பாதுகாக்கவா?"

ஆண்ட்ரூஸ் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு கூட்டை வைஸ் இடுக்கியில் வைத்து ஒரு திருகு திருகினார். மூன்று நிபுணர்கள் பார்த்து ஒட்டிய கூடு, பொரியுருண்டை மாதிரி உடைந்தது.

இடப்பக்க எழுத்துகளின் இடுக்கில் லேசான மஞ்சள் தெரிந்தது. கற்பகம் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். மேசையில் கொரோனா காலத்திலிருந்து கிடந்த சானிடைசர் பாட்டிலை எடுத்தாள். "ஏலே, பக்கத்துக் கடை வாசல்ல பருத்தி மூட்டை கிடக்கு. ஒரு சுளை எடுத்துட்டு வா."

சுடலை கொண்டுவந்த பஞ்சை நனைத்து அந்த எழுத்தோரத்தில் ஒற்றி எடுத்தாள். பஞ்சின் நுனி மஞ்சளானது.

"உன் சுண்ணாம்பு டப்பிய எடு."

பஞ்சில் துளி சுண்ணாம்பைத் தொட்டு வைத்தாள். மஞ்சள் மறைந்து, பஞ்சு ரத்தச் சிவப்பாக மாறியது.  ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த எவனுக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

"மஞ்சப்பொடி" என்றான் சுடலை. "வருசக்கணக்குல காத்துப் பட்ட இயற்கைப் பொன்னிறச் சாயல், பலசரக்குக் கடையில பத்து ரூவா. அக்கா, எங்க வீட்டு அம்மி எழுபதுக்கு எழுபது வாங்கும்."

கற்பகம் சிரிக்கவில்லை. ஆண்ட்ரூஸின் முகம் மாறியிருந்தது.

"அம்மா, எங்க வீட்டுல இத மீன் கொழம்புக்குத்தான் போடுவோம். நாங்க சர்ச்சுக்குப் போறவுக. நாணயத்துக்கு மஞ்சள் பூசுற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பெட்டியவிட்டு எடுத்தா நான் ஓரத்தத் தவிர வேற எங்கயும் தொட்டதில்ல." அவர் நாணயத்தைத் தள்ளி வைத்தார். "அப்ப இது என் நாணயமே இல்ல. ஏதோ சாமி கும்புடுத வீட்டுல இருந்து வந்த நாணயம்."

சுடலைக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது. சாமி கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்த நாணயம். முத்துசெல்வி வீட்டில் அம்மன் படம் இருக்கும், மஞ்சளும் இருக்கும். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வந்து அவள் கழுத்துக்கு நாமே கயிறு திரித்துவிட்டோமே என்று நினைத்தான். அந்த மேனேஜருக்கு இது தெரிந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுப்பான்.

"அக்கா, இந்தப் பஞ்ச நான் முழுங்கிருதேன்" என்றான் மெதுவாக. "யாருக்கும் தெரியாது."

"சும்மா கிடலே." கற்பகம் ஆண்ட்ரூஸ் பக்கம் திரும்பினாள். "நாணயத்த முதமுதல்ல அங்க குடுத்த ரசீது இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. கடைக்காரர் காகிதத்தைத் தொலைப்பாரா? கற்பகம் தேதியைப் பார்த்தாள். சுவர்க் காலண்டரின் பின்னால் தொங்கிய போன வருஷக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு அங்கன உங்களுக்குத் திங்க ஏதும் குடுத்தாவளா?"

"திங்கவா?" ஆண்ட்ரூஸ் யோசித்தார். "ஆமா, குடுத்தாவ. பொரிகடலையும் ஒரு வாழைப்பழமும். பேரப்பிள்ளைக்குக் கொண்டாந்தேன். லீவு நாளுன்னு தெரியாமப் போயிட்டேன்மா. அந்த மேனேஜர் மட்டும் ஒத்தையா இருந்தாரு. நாணயத்த மேசையில வச்சிட்டு வெளிய இருங்கன்னாரு. பெறவு ரசீதோட இதையும் குடுத்தாரு."

கற்பகம் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "கடைய அடைங்க அண்ணாச்சி, எங்ககூட வாங்க. சுடலை, அந்த நாணயத்தப் பத்திரமா எடுத்துக்க."

சுடலை நாணயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். ஸ்டூலை மேசை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். முத்துசெல்விக்கு முன்னால் கடிதமும் மூடி திறந்த பேனாவும் இருந்தன. அவள் இரண்டு கையையும் முந்தானையில் சுருட்டி வைத்திருந்தாள். கற்பகம் பேனாவைத் தொடாதே என்றதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், பாவம்.

"என்ன மேடம், கிடைச்சுதா?" என்றார் கிருஷ்ணகுமார்.

கற்பகம் சுவரிலிருந்த பூஜை போட்டோவைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இந்த வாழை இலைய நல்லாப் பாருங்க. பொரிக்கு இந்தப் பக்கம் வரிசையா என்ன இருக்கு?"

சுடலை எட்டிப் பார்த்தான். காலையில் பட்டு வேட்டியைப் பார்த்துக் கண் கூசியதில் அவன் இலையைச் சரியாகப் பார்க்கவில்லை. ஐந்து நாணயங்கள். பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து வைத்த தட்டுகள்போல இலையோரம் பளபளத்தன. பிரிண்டருக்கு வைத்த மாதிரியே ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம்.

"அது சும்மா ஒரு ஐதீகம்..." என்றார் மேனேஜர்.

"தொழில் சாமானுக்குப் பொட்டு வைக்கிறதுதான் பூஜை. நான் குறை சொல்லல. தீப்பெட்டி ஆபீஸ்ல மெழுகுச் சட்டிக்கே வைப்போம். அன்னைக்குத்தான் அண்ணாச்சி நாணயமும் இங்க வந்துது, ரசீதுல தேதி இருக்கு. ஆனா லீவு முடிஞ்சதும் நீங்க துண்ட வச்சுத் துடைச்சீய. குங்குமம் போயிட்டு. எழுத்து இடுக்குல மஞ்சள் நின்னுட்டு. அப்படியே மெட்ராசுக்கு அனுப்பினீய." கற்பகம் ஸ்டூல் பக்கம் திரும்பினாள். "ஏட்டி முத்துசெல்வி, ஆயுத பூஜை லீவு முடிஞ்சதும் அனுப்பின அஞ்சு நாணயத்துக்கும் என்ன எழுதி வந்திருக்குன்னு பதிவேட்ட எடுத்து வாசி."

"அவ எதையும் தொடக் கூடாது" என்றார் மேனேஜர்.

"அப்ப நீங்க வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. முத்துசெல்வி எழுந்தாள். ஆறு நாள் கழித்து முதல் தடவையாக அந்த அலமாரியைத் திறந்தாள். பதிவேட்டை எடுத்துப் பிரித்து வாசித்தாள்.

"எழுபது, இயற்கையான பொன்னிறச் சாயல். அறுபத்தெட்டு, இயற்கையான பொன்னிறச் சாயல். எழுபது, இயற்கையான பொன்னிறச் சாயல். அறுபத்தாறு, அதே சாயல்தான். அறுபத்தொம்போது, இதுவும் சாயல்."

"ஒரே கிண்ணத்து மஞ்சளுக்கு அஞ்சுல நாலு விதமா மார்க்கு" என்றான் சுடலை. "எங்கப்பா கண்ணுல புரை இருந்தே பரவால்ல."

"இந்த நாணயத்துல இருக்கது மஞ்சள்தான். அண்ணாச்சி கண்ணு முன்னாலதான் சுண்ணாம்பு போட்டுப் பாத்தோம்" என்றாள் கற்பகம். "அவரு வீட்டுல யாரும் பூசல. நீங்க பூசினீய, இந்தப் பிள்ள வேலைக்குச் சேர்றதுக்கு மூணு மாசத்துக்கு முன்னால. எழுபது வாங்கின நாணயத்துல எந்த இடத்துல மஞ்சள் இருந்துதோ, அறுபத்து நாலு வாங்கின நாணயத்துலயும் அதே இடத்துல இருக்கு. நாணயம் மாறல. உங்க நிபுணர்மாரு கண்ணுதான் மாறியிருக்கு. கறைன்னு வந்தன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்லையா? மஞ்சள் வச்சது நானுதான்னு சொல்றதவிட இந்தப் பிள்ளயத் திருடியாக்குறது உங்களுக்கு லேசாப் பட்டிருக்கு."

கிருஷ்ணகுமார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தும் வேர்த்தது.  "பொம்பளப் பிள்ளய்யா" என்று மட்டும் சொன்னார் ஆண்ட்ரூஸ்.

"மெட்ராசுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல" என்றாள் கற்பகம்.

தலைமை மதிப்பீட்டாளர் என்று ஒருவர் எடுத்தார். மேனேஜர் பாதி விழுங்கி, பாதி துப்பி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. யாராவது வெட்கப்படுகிறார்களோ என்று சுடலை ஒரு கணம் நினைத்தான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றது குரல்.

"இங்க அஞ்சு பேரு சார்."

"சரி. அந்த நாணயத்துக்குப் பழையபடி எழுபதே போட்டுரலாம். இருங்க... சிஸ்டத்துல ஏத்திட்டேன். புதுக் கூடு கூரியர்ல வந்துரும். கஸ்டமர் சந்தோஷம்தானே?"

"நாணயத்த ஒரு தடவ பாக்காண்டாமாய்யா?" என்றாள் கற்பகம்.

"நாங்க ஏற்கெனவே பாத்த நாணயம்தானே மேடம். பர்ஃபெக்ட் கண்டிஷன்."

சுடலை சட்டைப் பைக்குள் கையை விட்டான். எழுபதுக்கு எழுபது வாங்கிய நாணயம், திறந்துகொண்ட சுண்ணாம்பு டப்பிக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவிலிருந்து வெளியே வந்தது. ஒரு பக்கம் பூராவும் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மறுபக்கம் பாக்கு உரசி நெடுக ஒரு கீறல். அவன் திருட்டு முழியோடு ஆண்ட்ரூஸைப் பார்த்தான்.

ஆண்ட்ரூஸ் நாணயத்தை வாங்கி வேட்டியில் துடைத்தார். கண்ணாடி மாதிரி இருந்த நாணயத்தை வேட்டியில் துடைத்தார். "பரவால்லடே, பர்ஃபெக்ட் கண்டிஷனாம்லா" என்று பைக்குள் போட்டுக்கொண்டார். "அந்தக் கூடு எனக்கு வேண்டாம்யா. நீரே வச்சுக்கிடும். பூஜைக்கு ஆகும்."

மேனேஜர் போனை வைத்துவிட்டு, டைப் அடித்த கடிதத்தை மெதுவாக எடுத்துக் கிழிக்கப் போனார். முத்துசெல்வி கையை நீட்டி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள். திருப்பி, வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதுங்க சார். முத்துசெல்வி திருடலன்னு எழுதுங்க. யாரு மஞ்சள் பூசினதுன்னும் எழுதுங்க. எங்கப்பாட்ட காட்டணும்."

கிருஷ்ணகுமார் கற்பகத்தைப் பார்த்தார். கற்பகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டார். ஐந்து மணி ஆகியிருந்தது.

முத்துசெல்வி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அதன் பிறகுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒரு போன் போட்டதும், பாக்காமலே காசுக்கு எழுபது குடுத்துட்டாவ அக்கா" என்றாள். "நான் ஆறு நாளா இவிய கண்ணு முன்னாலயே உக்காந்திருந்தேன்."

கற்பகம் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். சுடலை கடைசியாகக் கிளம்பினான். போகும்போது அந்த ஸ்டூலைத் தூக்கி மேனேஜர் மேசைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனான்.